எழுதி வைத்த கடன்: அமெரிக்கக் கவுண்டி நீதிமன்ற ஏடுகளில் முஸ்லிம்களின் சுவடுகள்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, தவணை குறித்துக் கொடுக்கப்படும் கடனை எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியோடு எழுதவும், கடன்பட்டவரே வாசகம் சொல்லவும், சாட்சிகளை அமர்த்தவும் பணிக்கின்றது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்புக் கூடாது என்றும் எச்சரிக்கின்றது. இக்கட்டளை வாஜிபா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். பெரும்பான்மையோர் விரும்பத்தக்கது என்றனர். இப்னு ஹஸ்ம் போன்ற ளாஹிரிகள் கட்டாயம் என்றனர். எழுத்தினால் விளையும் நன்மையை மறுத்தவர் எவருமிலர்.

இவ்வசனத்தின் பயன் நீதிமன்றத்தில்தான் முழுமையாக வெளிப்படும். முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் எகிப்தின் காழியாக இருந்தவர் ஸுலைம் இப்னு இத்ர். பாகப்பிரிவினை ஒன்றில் அவர் தீர்ப்பளித்தார். வாரிசுதாரர் சென்று, பிறகு அத்தீர்ப்பையே மறுத்து மீண்டும் வழக்கோடு வந்தனர். அதனால் ஸுலைம் தம் தீர்ப்பை எழுதச் செய்து, அதற்குச் சாட்சியும் வைத்தார். எகிப்தில் தீர்ப்பை முதன்முதலில் ஏட்டில் பதிந்த காழி இவரே என்று எகிப்தின் ஆளுநர்கள், காழிகள் வரலாற்றை எழுதிய அல்கிந்தீ குறிப்பிடுகிறார். மனித நாக்கு மாறும் என்பதைக் கண்ட ஒரு நீதிபதி எழுத்தின் துணையை நாடிய நிகழ்ச்சி இது.

அரபுக் கல்லூரிகளில் 'அதபுல் காழி' பாடத்தை ஓதிக்கொடுக்கும்போது ஒரு செய்தியை நாம் வேகமாகக் கடந்து விடுவதுண்டு. புதிதாகப் பொறுப்பேற்கும் காழி முந்தையவரிடமிருந்து அவருடைய 'தீவான்' என்னும் பதிவுத் தொகுதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. ஹிஜ்ரி 261இல் மறைந்த ஹனஃபி அறிஞர் அல்கஸ்ஸாஃபின் நூல் இதை விரித்துரைக்கிறது. வழக்கு விசாரணையின் பதிவு 'மஹ்ளர்'; தீர்ப்பின் பதிவு 'ஸிஜில்'. இரு படிகள் எழுதி ஒன்றை உரியவரிடம் கொடுத்து, மற்றதைத் தீவானில் வைப்பது முறை என்று ஃபுகஹாக்கள் எழுதினர். அத்தீவான் காழியின் சொந்தச் சொத்தன்று. மக்களின் உரிமைகள் அதில் அடங்கியிருப்பதால் அது அமானிதம். உஸ்மானியப் பேரரசின் காழி நீதிமன்ற ஸிஜில்களைக் கொண்டே இன்றைய ஆய்வாளர் இஸ்தான்புல், புர்ஸா, ஜெரூசலம் ஆகிய நகரங்களின் சாமானிய மக்கள் வாழ்வை எழுதி வருகின்றனர்.

இந்தப் பின்னணியோடு நாம் வேறொரு நாட்டின் ஏடுகளை நோக்குவோம். ஆட்சி முஸ்லிம்களுடையதன்று; சட்டம் ஷரீஅத்தன்று; ஏட்டை எழுதியவரும் முஸ்லிமல்லர். ஆயினும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் அடிமையாக இருந்த ஒரு முஸ்லிமின் வாழ்வையும், அவர் கொடுத்த ஒரு கடனையும் அந்த ஏடுகளே நமக்குக் காத்துத் தந்துள்ளன.

கவுண்டி என்னும் அமைப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலங்களுக்குக் கீழே அமைந்த நிர்வாகப் பிரிவு 'கவுண்டி' எனப்படும். லூசியானாவில் அது 'பாரிஷ்' என்றும், அலாஸ்காவில் 'பரோ' என்றும் பெயர் பெறும். நாடு முழுவதும் 3,000க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. நம்முடைய மாவட்டத்தோடு ஒப்பிடலாம் எனினும் பல கவுண்டிகள் நம் தாலுகா அளவே மக்கள்தொகை கொண்டவை. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தலைநகர். அங்கே ஒரு நீதிமன்றக் கட்டடம். அதனுள்ளே பதிவுகளைக் காக்கும் 'கிளார்க்' என்னும் அலுவலர். குமாஸ்தா என்று பொருள் கொண்டு இவரைச் சிறிய பணியாளராக எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் நீதிமன்றச் சிரஸ்தாரும் சார்பதிவாளரும் தனித்தனியே செய்யும் பணிகள் பல கவுண்டிகளில் இவர் ஒருவரிடமே குவிந்திருந்தன. வழக்குக் கட்டும் இவரிடமே, கிரயப் பத்திரமும் இவரிடமே. அடிமைகளை விற்றதும் விடுவித்ததும் இவருடைய ஏட்டிலேயே ஏறின.

அடிமை என்பவன் அன்றைய அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் சொத்து. சொத்தாயின் விற்பனைப் பத்திரம் உண்டு, அடமானம் உண்டு, உடையவர் இறந்தால் சொத்து மதிப்பீட்டுப் பட்டியலில் மாட்டுக்கும் மரச்சாமானுக்கும் இடையே அவன் பெயர் உண்டு. ஆகவே எந்த நூலகத்திலும் எழுதப்படாத மனிதனின் பெயர் நீதிமன்ற ஏட்டில் எழுதப்பட்டது. அவனை இழிவுபடுத்திய ஏற்பாடே அவன் பெயரை அழியாமல் வைத்தது.

யாரோ மஹ்மூத்

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி இனத்தவரான ஒரு முஸ்லிம் இளைஞர் 1752ஆம் ஆண்டு மேரிலாந்தின் அனாபொலிஸ் துறைமுகத்தில் அடிமைக் கப்பலிலிருந்து இறக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ பதினாறு. ஆங்கிலப் பதிவுகளில் அவர் பெயர் 'யாரோ மாமூத்'. ஃபுலானிகளிடையே வழங்கும் 'யேரோ' என்பது 'யாரோ' ஆயிற்று. மஹ்மூத் என்பது மாமூத் ஆயிற்று. தமிழ் அறிந்த நமக்கு இப்பெயர் 'அடையாளம் அறியா ஒருவர்' என்று ஒலிப்பது வியப்பான ஒற்றுமை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆயிரமாயிரம் முஸ்லிம்கள் வரலாற்றில் வெறும் யாரோவாகவே மறைந்தனர். இவர் மறையாமைக்குக் காரணம் காகிதம்.

சாமுவேல் பீல் என்பவரிடம் அடிமையாக இருந்த அவர், பிறகு அவருடைய மகன் புரூக் பீலின் உடைமையானார். இந்தப் புரூக் பீல் யார்? மேரிலாந்தின் மான்ட்காமரி கவுண்டி நீதிமன்றத்தின் கிளார்க். கவுண்டியில் யாருடைய நிலம் யாருக்கு மாறிற்று, யார் அடிமை, யார் சுதந்திரர் என்று பதிந்து வைக்கும் ஏடுகளின் காவலரே, முஸ்லிம் ஒருவரைத் தம் அடிமையாக வைத்திருந்தார்.

புரூக் பீல் ஜார்ஜ்டவுனில் வீடு கட்டத் திட்டமிட்டு, அதற்கான செங்கற்களை அறுத்துக் கொடுத்தால் விடுதலை தருவதாக யாரோவிடம் வாக்களித்தார். யாரோ செங்கல் அறுத்தார். வாக்களித்தவரோ 1795இல் இறந்து போனார். வாய்மொழி வாக்குறுதி, அதுவும் அடிமைக்கு அளித்தது. அதை மீறினால் கேட்பார் இல்லை. எனினும் கணவரின் வாக்கைக் காப்பாற்ற விதவை மார்கரெட் முன்வந்தார். 1796ஆம் ஆண்டு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. அதில் ஒப்பமிட்டவர் மகன் அப்டன் பீல். தந்தைக்குப் பின் மான்ட்காமரி கவுண்டியின் கிளார்க் பதவியை ஏற்று நீண்டகாலம் வகித்தவரும் இவரே. வாக்கைக் காத்த அக்குடும்பத்தைப் பாராட்டலாம். ஆனால் நாற்பத்து நான்கு ஆண்டுகளின் உழைப்புக்குக் கணக்கு எழுதிய ஏடு எதுவும் அவர்களிடம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விடுதலை பெற்றபோது யாரோவுக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. கூலி வேலை செய்து நூறு டாலர் சேர்த்து ஒரு வணிகரிடம் ஒப்படைத்தார், அது போயிற்று. மீண்டும் உழைத்து நூறு டாலர் சேர்த்து வேறொரு வணிகரிடம் கொடுத்தார், அதுவும் போயிற்று. இச்செய்தியை நமக்குத் தருபவர், 1819இல் அவரை நேரில் கண்டு ஓவியம் தீட்டிய புகழ்பெற்ற ஓவியர் சார்லஸ் வில்சன் பீல். மூன்றாம் முறை சேர்த்த பணத்தை யாரோ எவர் கையிலும் கொடுக்காமல், பிறர் அறிவுரைப்படி கொலம்பியா வங்கியின் பங்குகளை வாங்கினார். வங்கிப் பங்கு பற்றிய ஃபிக்ஹ் விவாதம் இங்கே நம் நோக்கமன்று. நம்பிக்கையை மட்டும் நம்பி இருமுறை ஏமாந்தவர், பெயர் எழுதப்படும் இடத்தை நாடினார் என்பதே கவனிக்கத்தக்கது.

1800ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுனில், இன்று டென்ட் பிளேஸ் எனப்படும் தெருவில், ஒரு மனையைக் கிரயம் பெற்றார். 1803இல் அதைத் தம் மகன் அக்விலாவின் பெயருக்கு மாற்றி எழுதினார். ஊரார் அறிய தொழுகையை நிலைநாட்டினார். பன்றி இறைச்சியையும் மதுவையும் விலக்கினார் என்று பீலின் நாட்குறிப்பு சொல்கிறது. 1823ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் இறந்தபோது, தம் தோட்டத்தில் அவர் வழக்கமாகத் தொழுத மூலையிலேயே அடக்கப்பட்டதாக அன்றைய இதழ்க் குறிப்பு தெரிவித்தது.

இருபது ஆண்டுக்குப் பின் வந்த வழக்கு

யாரோ தம் முதுமையில் ஜார்ஜ்டவுன் வணிகர் ஒருவருக்குக் கடன் கொடுத்திருந்தார். இம்முறை வெறுங்கையாகக் கொடுக்கவில்லை. கடனுக்கு ஈடாகக் கடனாளியின் பண்டசாலைக் கட்டடம் எழுதி வாங்கப்பட்டது, பத்திரம் பதிவாயிற்று. கடன் திரும்புமுன் யாரோ காலமானார். மகன் அக்விலாவும் 1832இல் இறந்தார். கொடுத்தவரும் இல்லை, கேட்க வேண்டிய மகனும் இல்லை என்றான நிலையில், 1843ஆம் ஆண்டு நான்சி ஹில்மன் என்னும் பெண்மணி, தாம் யாரோவின் சகோதரி மகள் என்றும் வாரிசு என்றும் கூறி வழக்குத் தொடுத்தார். யாரோ இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்திரம் ஏட்டில் இருந்தது. ஈடு வைத்த கட்டடத்தை விற்றுக் கடனைத் தீர்க்க நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பெண்மணி பணத்தைப் பெற்றார்.

காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டனில் அடிமைமுறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அது அங்கு ஒழிந்தது 1862இல்தான். அத்தகைய நகரில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக வந்தவரின் மருமகள், அவருடைய கடனை வசூலித்தார். அவருக்காகச் சாட்சி சொல்ல எஞ்சியிருந்தது எழுத்து ஒன்றே. அல்பகரா வசனம் எழுத்தைச் சாட்சியத்திற்கு உறுதி தருவதாகவும், ஐயத்தை அகற்றுவதாகவும் கூறுவதை இவ்வழக்கு கண்முன் நிறுத்துகிறது.

இவ்வரலாற்றைத் தேடித் தொகுத்தவர் ஜேம்ஸ் ஜான்ஸ்டன் என்னும் வழக்கறிஞர். அவர் நூல் 2012இல் வெளிவந்தது. ஓவியம் ஒன்றைக் கண்டு வியந்தவர், வழக்கறிஞருக்கே உரிய பழக்கத்தால் நீதிமன்ற ஏடுகளையும் பத்திரங்களையும் உயில்களையும் நாடிச் சென்றார். ஓவியர் பீல், யாரோவுக்கு 130 வயதைக் கடந்துவிட்டது என்று நம்பியிருந்தார். ஏடுகளோ ஓவியம் தீட்டப்பட்டபோது அவருக்கு எண்பத்து மூன்று வயதளவே என்று காட்டின. நேரில் கண்டவரின் செவிவழிச் செய்தி பிழைத்தது. பத்திரங்களின் காலக்கணக்கு நின்றது. ரிவாயத்தை எடைபோடும் முறை கற்றவர்களுக்கு இது புதிய பாடமன்று.

ஏட்டைத் தேடும் முறை

கவுண்டி நீதிமன்றப் பதிவைத் தேடிப் பெறுவதற்கு ஒரு வரிசை உண்டு. அது வரலாற்றாய்வாளருக்கும், அங்கே குடியேறி வாழும் நம்மவர் தம் வீட்டுமனையின் வரலாற்றையோ பழைய வழக்கையோ அறிய விரும்பினால் அவர்களுக்கும் ஒன்றே.

முதலாவது, எந்தக் கவுண்டி என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இடம் மாறாது, கவுண்டி மாறும். ஜார்ஜ்டவுன் 1751இல் ஊராக அமைக்கப்பட்டபோது ஃபிரெடரிக் கவுண்டியைச் சேர்ந்தது. 1776இல் அதிலிருந்து பிரிந்த மான்ட்காமரி கவுண்டிக்குச் சென்றது. 1801இல் தலைநகரப் பகுதியின் வாஷிங்டன் கவுண்டிக்குள் அடங்கியது. அந்த வாஷிங்டன் கவுண்டியும் 1871இல் தனி அமைப்பாக இல்லாமல் போயிற்று. யாரோவின் வாழ்நாளுக்குள்ளேயே அந்த ஊர் மூன்று கவுண்டிகளின் கீழ் வந்துள்ளது. இன்றைய வரைபடத்தை மட்டும் பார்த்துத் தேடுபவர் வேறொரு நீதிமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, எந்த நீதிமன்றம், எந்த ஏடு என்று பிரித்தறிய வேண்டும். நிலமும் அடிமை விடுதலையும் பத்திர ஏட்டில் இருக்கும். உயிலும் சொத்துப் பட்டியலும் வேறு நீதிமன்றத்திற்குரியவை. அதற்கு மாநிலந்தோறும் வெவ்வேறு பெயர். மேரிலாந்திலும் பென்சில்வேனியாவிலும் அதன் பெயர் 'அனாதைகள் நீதிமன்றம்' என்பது நமக்குச் சுவையூட்டும் செய்தி. இறந்தவரின் சொத்தில் தந்தையற்ற பிள்ளைகளின் பங்கைக் காப்பதற்காக ஏற்பட்ட பெயர் அது. அந்நிஸா அத்தியாயம் அனாதைகளிடம் சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சி வைக்கச் சொல்வதையும், அவர்களின் சொத்தைக் கண்காணிப்பது காழியின் பொறுப்புகளில் ஒன்றாக இருந்ததையும் இங்கே நினைவுகூரலாம். கடன், ஈடு, பாகம் ஆகிய வழக்குகள் 'சான்சரி' எனப்படும் சமநீதி மன்றத்தின் கட்டுகளில் இருக்கும். கூட்டாட்சி நீதிமன்ற வழக்குகள் கவுண்டியில் கிடைக்கமாட்டா; அவற்றுக்குத் தேசிய ஆவணக் காப்பகமும் தனி இணைய ஏற்பாடும் உள்ளன. தலைநகரப் பகுதியின் பழைய சுற்று நீதிமன்றக் கட்டுகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன.

மூன்றாவது, அட்டவணை. பத்திர ஏடுகளுக்கு விற்றவர் பெயரால் ஓர் அட்டவணையும் வாங்கியவர் பெயரால் ஓர் அட்டவணையும் உண்டு. வழக்குகளுக்கு வாதி, பிரதிவாதி பெயர் வரிசை உண்டு. அதில் ஏட்டின் எண்ணும் பக்க எண்ணும், வழக்காயின் வழக்கு எண்ணும் கிடைக்கும். முஸ்லிம் அடிமைகளின் வரலாற்றைத் தேடுவோருக்குத் தடை விளைவது இங்கேதான். பெயர் எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் அடிமையின் பெயர் அட்டவணையிலேயே இராது. உடையவரின் பெயரைத் தேடி, அவர் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, உள்ளே அடிமையைக் காண வேண்டும். மஹ்மூதைக் காண விரும்புபவர் பீல் குடும்பத்தைத் தேடியாக வேண்டும்.

நான்காவது, விண்ணப்பம். வழக்கில் தொடர்பில்லாத எவரும் நீதிமன்றப் பதிவைப் பார்க்கவும் படியெடுக்கவும் பொது உரிமை உண்டு என்பது அமெரிக்கப் பொதுச் சட்ட மரபு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் நிக்சன் வழக்கொன்றில் இப்பொது உரிமையை ஏற்று, அது வரம்பற்றதன்று என்றும் கூறியது. ஒரு தவறான எண்ணத்தை இங்கே களைய வேண்டும். 1966இல் இயற்றப்பட்ட தகவல் சுதந்திரச் சட்டம் மத்திய அரசின் நிர்வாகத் துறைகளுக்கு உரியது. அதன்படி கவுண்டி நீதிமன்றத்திற்கு மனு எழுதுவது பயனற்றது. கிளார்க் அலுவலகத்திற்கே நேரில் சென்றோ அஞ்சல் வழியோ கேட்க வேண்டும். இப்போது பல கவுண்டிகளில் இணையத்தின் வழியாகவும் கேட்கலாம். கட்சிக்காரர் பெயர், ஆண்டு, வழக்கு வகை, வழக்கு எண் ஆகியவற்றை எவ்வளவு துல்லியமாகக் குறிக்கிறோமோ அவ்வளவு விரைவில் விடை வரும். பொதுவாகப் பக்கத்திற்கு இவ்வளவு என்று நகல் கட்டணம் உண்டு. முத்திரையிட்ட சான்று நகலுக்குத் தனிக் கட்டணம். தேடித் தருவதற்கும் சில இடங்களில் கட்டணம் பெறுவர். சில இடங்களில் தேடுவது நம் வேலை என்று ஏட்டைக் காட்டி விடுவர்.

ஐந்தாவது, ஏடு இடம் மாறியிருக்கலாம். பழைய கவுண்டி ஏடுகள் பல, மாநில ஆவணக் காப்பகங்களுக்குச் சென்றுள்ளன. மேரிலாந்தினுடையவை அனாபொலிஸிலுள்ள காப்பகத்தில் உள்ளன. அம்மாநிலத்தின் நிலப் பத்திர ஏடுகளை இணையத்திலும் காணலாம். மார்மன் பிரிவினர் தம் மூதாதையரை அறிவதைச் சமயக் கடமையாகக் கொண்டதால், 1938 முதல் கவுண்டி ஏடுகளை நுண்படமெடுத்துச் சேர்த்தனர். அத்தொகுப்பு பிற சமயத்தார்க்கும் பயன்படுகிறது. தீயிலும் போரிலும் அழிந்த நீதிமன்றங்களும் உண்டு. உள்நாட்டுப் போரில் எரிந்த வர்ஜீனியா நீதிமன்றங்கள் சிலவற்றோடு பல குடும்பங்களின் வரலாறும் எரிந்தது.

எல்லாம் திறந்திருப்பதில்லை என்பதும் நியாயமே. சிறார் வழக்குகள், தத்தெடுப்புப் பதிவுகள், நீதிபதி ஆணையிட்டு முத்திரை வைத்த கட்டுகள் ஆகியவற்றைப் பொதுமக்கள் பார்க்க இயலாது. பிறர் குறையை மறைப்பதை நற்பண்பாகக் கற்ற நமக்கு, உரிமைக்காகத் திறப்பதும் மானத்திற்காக மூடுவதும் முரண்பட்டவை அல்ல என்பது விளங்கும்.

வேறு சில சுவடுகள்

யாரோ தனி ஒருவரல்லர். செனகல் நதிக்கு அப்பாலிருந்த புந்து நாட்டு ஆலிம் குடும்பத்தைச் சேர்ந்த அய்யூப் இப்னு சுலைமான் மேரிலாந்தில் அடிமையாக இருந்து தப்பியோடி, 1731இல் கென்ட் கவுண்டியில் பிடிபட்டுச் சிறை வைக்கப்பட்டார். நீதிமன்றம் கூடியபோது அங்கு வந்த தாமஸ் பிளூயெட் என்பவர் அவரைக் கண்டு, அவர் எழுதிக் காட்டியதாலும் 'அல்லாஹ்', 'முஹம்மத்' என்று உச்சரித்ததாலும் முஸ்லிம் என அறிந்தார். பின்னர் அவர் இலண்டன் சென்று விடுதலையோடு தாயகம் திரும்பினார். அவர் வரலாற்றைப் பிளூயெட் 1734இல் நூலாக வெளியிட்டார்.

ஃபூத்தா ஜாலோன் நாட்டின் அல்மாமி இப்ராஹீம் ஸோரியின் மைந்தரும் படைத்தலைவருமான அப்துர் ரஹ்மான், 1788இல் மிசிசிப்பி ஆற்றங்கரையின் நாட்செஸ் ஊரில் தாமஸ் ஃபாஸ்டர் என்பவருக்கு விற்கப்பட்டார். அன்று அவ்வூர் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஆகவே விற்பனைப் பத்திரம் ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டது. ஆட்சி மாறிய பின்னும் நாட்செஸின் ஸ்பானியப் பதிவுகள் ஆடம்ஸ் கவுண்டியின் சான்சரி கிளார்க் அலுவலகத்தில் காக்கப்பட்டன. அப்பத்திரம் அவரையும் அவருடன் விற்கப்பட்ட மற்றொருவரையும், பக்குவப்படாத கறுப்பர் இருவர் என்ற பொருளில் குறிக்கிறது. கல்வி கற்ற, அரபி எழுதத் தெரிந்த, படை நடத்திய ஒருவரை அவ்வெழுத்தர் அப்படித்தான் கண்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு 1828இல் விடுதலை பெற்ற அவர், 1829இல் லைபீரியா சென்று அவ்வாண்டே மறைந்தார். டெர்ரி ஆல்ஃபோர்ட் 1977இல் வெளியிட்ட அவருடைய வரலாற்று நூல் இத்தகைய பதிவுகளின் மீது எழுந்தது.

ஃபூத்தா தோரோவின் உமர் இப்னு ஸயீத், கொடிய எசமானிடமிருந்து தப்பி வட கரோலினாவின் ஃபேயட்வில் நகரில், கம்பர்லாண்ட் கவுண்டிச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறைச்சுவரில் கரியால் அரபியில் எழுதியதாலேயே ஊரார் கவனம் அவர்மேல் திரும்பியது. 1831இல் அவர் அரபியில் எழுதிய தன்வரலாறு ஸூரத்துல் முல்க்கில் தொடங்குகிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை 2017இல் பெற்று, 2019இல் இணையத்தில் வெளியிட்டது. இம்மூவர் வரலாற்றிலும் கவுண்டியின் நீதிமன்றமோ, சிறையோ, பத்திர ஏடோ வாயிலாக நிற்பதைக் காண்கிறோம்.

ஏடு சொல்வதும் சொல்லாததும்

நீதிமன்ற ஏடு வலியவர் எழுதிய ஏடு என்பதை மறக்கலாகாது. யாரோவின் விலை எழுதப்படும். அவர் தாயின் பெயர் எழுதப்படாது. அப்துர் ரஹ்மானின் கையை மாற்றிய நாள் எழுதப்படும்; அவர் ஓதிய பாடம் எழுதப்படாது. தொழுகையும் நோன்பும் கிளார்க்கின் பார்வைக்குள் வருவன அல்ல. ஆகையால் ஏட்டை அவர்கள் எழுதிய அரபிக் கடிதங்களோடும், பிறர் எழுதிய நினைவுக் குறிப்புகளோடும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏட்டை மட்டும் படித்தவருக்கு அவர் வெறும் சொத்து. கடிதத்தை மட்டும் படித்தவருக்கு அவர் கதைமாந்தர். இரண்டையும் படித்தவருக்கே மனிதர் தென்படுவார்.

இருப்பினும் அவ்வேடு திறந்து வைக்கப்பட்டது என்ற ஒன்றினால், எழுதியவரின் நோக்கத்தையும் அது கடந்து சென்றது. மான்ட்காமரியின் கிளார்க்குகள் தம் வகுப்பாரின் உடைமையைக் காக்கவே ஏடு எழுதினர். எழுதியதை எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்ற விதியினால், அக்குடும்பத்தின் அடிமையாயிருந்தவரின் வாழ்வும் அதே ஏடுகளிலிருந்து எழுதப்பட்டுவிட்டது. பதிவும் திறப்பும் இணைந்தபோதே அது நிகழ்ந்தது. எழுதிப் பூட்டி வைத்திருந்தால் நிகழ்ந்திராது. திறந்து வைத்தும் எழுதாதிருந்தால் அதுவும் பயனில்லை.

தீவானை அமானிதம் என்று கூறிய ஃபுகஹாக்களின் வாரிசுகளாகிய நாம் இதைப் படித்துவிட்டு நம் ஜமாஅத்துகளின் அலமாரியை நோக்க வேண்டும். நிகாஹ் தஃப்தர், வக்ஃபு கணக்கு, பாகப்பிரிவினைத் தீர்ப்பு, கடனுக்குச் சாட்சி நின்ற கடிதம் என நம் மஹல்லாக்களிலும் தீவான் இருக்கிறது. பல ஊர்களில் அது கறையானுக்கு இரையாகிறது. சில ஊர்களில் முத்தவல்லி மாறும்போது வீட்டோடு போய்விடுகிறது. பொறுப்பு மாறும்போது பட்டியலிட்டு, சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைப்பது அல்கஸ்ஸாஃப் காட்டிய வழி. பெயர் அட்டவணை ஒன்று எழுதி, படியெடுத்து, உரிமையுள்ளவர் கேட்டால் காட்டுவது அதற்கடுத்த படி. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், சலிப்படையாது எழுதும் ஒரு கையும் போதும். என்றோ ஒருநாள் ஒரு பெண்மணி தம் மாமன் கொடுத்த கடனையோ, தம் தாயின் மஹரையோ கேட்டு வரும்போது, அவருக்காகப் பேச வேறு எவரும் உயிரோடு இல்லாமல் போகலாம்.